சிவப்பு மையிட்ட பெயர்கள்



சென்ற திங்கள் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண் என் இல்லத்திற்கு வந்தாள். ஆசிரியப் பயிற்சியை முடித்து, தகுதித் தேர்விலும் வெற்றி பெற்று, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணி நியமனம் பெற்றிருந்தாள். நியமன ஆணையை என் கையில் கொடுத்து ஆசி கேட்டாள். பின்பு சிறிது தயங்கி, "தாத்தா, நீங்கள் 38 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர். திங்கட்கிழமை நான் முதன்முதலாக நிற்கப் போகிறேன். பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சியில் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கற்றுக் கொடுக்காத ஒன்றை நீங்கள் சொல்லுங்கள்" என்றாள்.

அன்று எனக்கு நா எழவில்லை. "நன்றாக இரு மகளே" என்று வாழ்த்தி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் சென்ற பிறகு இரண்டு இரவுகள் உறக்கம் வரவில்லை. அவளுக்கு நேரில் சொல்லாத பதிலை இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமன்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இது பயன்படலாம்.

நான் பணியில் சேர்ந்தது 1964-ஆம் ஆண்டு ஜூன் திங்களில். வயது 20. இடைநிலை ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும், தகரப் பெட்டி ஒன்றும், இரண்டு வேட்டிகளுமே என் உடைமைகள். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதி அது. சாத்தூரும் சிவகாசியும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. 1985-ஆம் ஆண்டில்தான் அவை பிரிந்து, இன்று விருதுநகர் என்று நாம் வழங்கும் மாவட்டத்தில் சேர்ந்தன. கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தை நம்பி விளையும். வானம் பொய்த்தால் அடுப்பும் பொய்க்கும்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஓட்டுக் கூரையிட்ட ஒரே நீண்ட கட்டடம், அதுதான் பள்ளி. இடையே சுவர் கிடையாது. ஒரு முனையில் ஒன்றாம் வகுப்பு அகரம் படிக்கும். மறு முனையில் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் கோவை இலையும் அடுப்புக் கரியும் கொண்டு வருவார்கள். இரண்டையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் பூசி வெயிலில் சாய்த்து வைப்போம். திங்கட்கிழமை காலையில் அந்தப் பச்சிலை மணத்தோடு வகுப்புத் தொடங்கும். இன்றும் கோவைக் கொடியைக் கண்டால் எனக்குத் திங்கட்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

அந்நாளில் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொல்வோம். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. பின்பு சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த நாள் என்ற கட்டத்தில் ஜூன் முதல் நாளையோ, அதற்கு அண்மையான ஒரு நாளையோ நாங்களே எழுதிவிடுவோம். தமிழ்நாட்டில் என் தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஏராளமாக இருப்பதன் இரகசியம் இதுதான். ஒரு மனிதன் எந்நாளில் ஓய்வு பெற வேண்டும் என்பதை, அவனுடைய ஐந்தாம் வயதில், மை தொட்டு எழுதிய ஒரு வாத்தியாரே முடிவு செய்தார். அந்தப் பேனாவின் கனம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

1969-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒரு தாய் தன் மகனைக் கொண்டு வந்தாள். அவன் பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. "எப்போது பிறந்தான் அம்மா?" என்று கேட்டேன். "தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனதே, அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி அடைமழையில் பிறந்தான் ஐயா" என்றாள். தனுஷ்கோடிப் புயல் 1964-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் வந்தது. ஆகவே பையன் பிறந்தது 1963-ஆம் ஆண்டு ஐப்பசியில். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய், பஞ்சாங்கம் வைத்திருப்பவர் போலத் துல்லியமாகச் சொன்னாள். நானோ, வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, அவசரத்தில் 1-6-1964 என்று எழுதினேன். அவள் சொன்னதை நான் கேட்டேன்; காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர்கள் வீட்டுக்கு நான் செய்த முதல் பிழை அது.

பையன் கெட்டிக்காரன். இரண்டாம் வகுப்பிலேயே பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிப்பான். கையெழுத்து முத்துப் போல இருக்கும். நான்காம் வகுப்பிற்கு வந்தபோது மாறிவிட்டான். முற்பகலிலேயே கண் சொருகும். கேள்வி கேட்டால் விழிப்பான். விரல்களில் எப்போதும் ஏதோ காய்ந்து வெண்மையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அவனுடைய நோட்டைத் திருத்தக் கேட்டேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் கிழிந்தன.

1972-ஆம் ஆண்டு ஆடி மாதம் அது. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. "எழுதுகிற நோட்டை இப்படியா வைத்திருப்பது? கையைக் கழுவக்கூடத் தெரியாதா?" என்று கேட்டு, நீட்டச் சொல்லி, இரண்டு கைகளிலும் பிரம்பால் அடித்தேன். அவன் அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அடிபட்ட பிள்ளை இரண்டு நாள் வராமல் இருப்பது அக்காலத்தில் வழக்கம். பெற்றோரே மூன்றாம் நாள் இழுத்துக்கொண்டு வந்து, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அப்படித்தான் இவனும் வருவான் என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் கழிந்தது. இரண்டு வாரங்கள் கழிந்தன. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக வரிசையாக 'வ' என்ற எழுத்துக்கு மாறாக வெற்றுக் குறிகளே நின்றன. ஆய்வாளர் வருகை தர இருந்தார். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வைத்துக்கொண்டிருந்தால் வருகைச் சராசரி குறையும். தலைமையாசிரியர் சொல்ல, நான் சிவப்பு மை தொட்டு, அளவுகோல் வைத்து, அவன் பெயரின் மேல் ஒரு நேர்க்கோடு இழுத்தேன். கோடு மிகவும் நேராக விழுந்தது என்பது இன்றும் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகுதான், மூன்றாம் வாரத்தில், அவர்கள் வீட்டிற்குப் போனேன். மாலை மயங்கும் நேரம். திண்ணையில் மண்ணெண்ணெய் விளக்கு. அவனுடைய தாயும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் பசைச் சட்டியைச் சுற்றி அமர்ந்து, தீப்பெட்டிக்கான மரச் சில்லை மடித்து, நீலத் தாளைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்பது 144 பெட்டிகள். அப்போதுதான் அவன் விரல்களில் இருந்தது அழுக்கன்று, பசை என்பது எனக்குப் புரிந்தது. தகப்பன் காசநோயால் படுத்துவிட்டிருந்தார். நான்காம் வகுப்புப் பையன் நடு இரவு வரை பெட்டி ஒட்டிவிட்டு, அதே விளக்கில், அதே கையால் வீட்டுப்பாடமும் எழுதியிருக்கிறான். அந்தக் கைகளைத்தான் நான் அடித்திருந்தேன்.

"பையன் எங்கே அம்மா?" என்று கேட்டேன்.

"கம்பெனிக்குப் போயிருக்கிறான் ஐயா. இனி வர ஏழு மணியாகும். முன்பணம் வாங்கிவிட்டோம். மருந்துக்குச் செலவாகிவிட்டது" என்றாள்.

அப்பகுதியின் வாழ்க்கை தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த, காற்றில் ஈரமில்லாத அந்தப் பூமி அத்தொழிலுக்கு ஏற்றதாயிற்று. பயிர் கைவிட்ட ஊர்களுக்கு அது சோறு போட்டது; அதை மறுக்க இயலாது. ஆனால் கையால் செய்யும் தீப்பெட்டியில் பல வேலைகள் சிறு விரல்களுக்கு எளிதாக வந்தன. குச்சிகளை ஒவ்வொன்றாகக் கட்டையின் பள்ளங்களில் அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, சீட்டு ஒட்டுவது, பெட்டியில் குச்சி அடைப்பது ஆகியவற்றைச் சிறுவர் சிறுமியரே பெரும்பாலும் செய்தார்கள். விடியுமுன் ஊர் ஊராக வண்டி வரும். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைத் தூக்குச் சட்டியோடு ஏற்றிக்கொண்டு போகும். பெற்றோர் வாங்கிய முன்பணம் கழியும் வரை பிள்ளை நின்றுவிட முடியாது. முன்பணமோ எளிதில் கழிவதில்லை.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு நான் எழுந்து ஊர் முனைக்குப் போனேன். வண்டி விளக்கோடு நின்றது. பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களுள் என் பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள் நால்வர். பெயர் நீக்கப்பட்டவர்கள் மூவர். அவனும் இருந்தான். என்னைப் பார்த்தான். வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினான். அதற்குள் யாரோ உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வண்டி போய்விட்டது.

அன்றே பிரம்பை முறித்து எறிந்தேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது உண்மையன்று. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பிரம்பு என் மேசை மீது இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கை சிறிது தயங்கிற்று. தயங்கித் தயங்கி, ஒரு நாள் அது மேசையில் இல்லாமலே வகுப்பு நடக்கிறது என்பதைக் கண்டுகொண்டேன். அவ்வளவுதான்.

அன்று நான் உடனே செய்தது வேறொன்று. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். சிவப்பு மையிட்ட பெயர்களை அதில் ஒவ்வொன்றாக எழுதினேன். எந்தத் தேதியில் நின்றது, ஏன் நின்றது, வீட்டில் யார் யார், கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதினேன். பங்குத் தந்தையிடம் அதைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, கோயில் முன்மண்டபத்தில் இரவு வகுப்பு நடத்திக்கொள்ள இடமும், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் கொடுத்தார். ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரை வகுப்பு. வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளைகள் முகம் கழுவிக்கொண்டு வருவார்கள். பாதிப் பேர் எழுத்தின் மீதே தலை சாய்த்து உறங்கிவிடுவார்கள். நான் எழுப்பவில்லை. உறங்குகிற பிள்ளையை எழுப்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டதே என் ஆசிரியப் பணியின் இரண்டாம் பயிற்சி எனலாம்.

அந்தப் பையன் இரவு வகுப்பிற்கு வரவே இல்லை. நான் இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். "களைப்பாக இருக்கிறது சார்" என்பான். தரையைப் பார்த்தே பேசுவான்.

ஆண்டுகள் சென்றன. மாற்றங்கள் பல வந்தன. 1978-ஆம் ஆண்டு பள்ளிக் கல்வியில் பதினோராம் வகுப்போடு நின்ற பழைய முறை மாறி மேல்நிலை வகுப்புகள் வந்தன. அதே ஆண்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணையும் வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளின் வடிவம் மாறிற்று. என் கையோ பழைய வழக்கத்தை விடவில்லை. கரும்பலகையில் 'மலை' என்று நான் கொம்பு வளைத்து எழுதியபோது ஒரு சிறுமி எழுந்து, "சார், அது பழைய எழுத்து" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். எட்டு வயதுச் சிறுமியிடம் அகரம் கற்றுக்கொண்ட அந்த நாள், எனக்கு மிகுந்த நன்மை செய்த நாள். தான் தவறலாம் என்பது ஆசிரியனுக்கு அடிக்கடி நினைவூட்டப்பட வேண்டும்.

1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. அதற்கு முன்பும், காமராசர் முதலமைச்சராக இருந்த 1956-ஆம் ஆண்டு முதல் மதிய உணவு உண்டு. 1960-களில் கேர் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பால் பொடியையும் எண்ணெயையும் நானே அளந்து கொடுத்திருக்கிறேன். ஆயினும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது எட்டவில்லை. 1982-இல் தட்டு இருந்த பிள்ளைக்கெல்லாம் சோறு என்றாயிற்று. அந்த ஜூலையில் நான் என் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுகிறேன். என் வகுப்பில் பாய் போதவில்லை. தம்பி தங்கையரை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெண் குழந்தைகள் வந்தார்கள். "சோற்றுக்குத்தான் வருகிறார்கள், படிப்புக்கு அல்ல" என்று சிலர் ஏளனம் செய்தார்கள். சோற்றுக்கு வந்தவர்களுள் பலர் படித்தும் போனார்கள் என்பதற்கு என் பதிவேடுகள் சான்று.

1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988-இல் மைய அரசின் குழந்தைத் தொழிலாளர் திட்டம் நம் சிவகாசிப் பகுதியிலேயே தொடங்கப்பட்டு, தொழிலிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கே சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றியதுதான். விடியற்கால வண்டிகள் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன. சட்டமும், இயந்திரமும், சத்துணவும், பெற்றோரின் மனமாற்றமும் சேர்ந்து செய்த வேலை அது. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல நான் அறிஞன் அல்லன்.

இப்போது 1990-ஆம் ஆண்டு ஜூன் திங்களுக்கு வருகிறேன். நான் அப்போது அதே பள்ளியின் தலைமையாசிரியர். சேர்க்கை நாள். வரிசையில் ஓர் இளைஞர் ஐந்து வயதுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் தெரிந்த முகமாக இருந்தது. அருகில் வந்ததும் விரல்களைப் பார்த்தேன். மருந்து முக்கும் வேலையால் நகங்கள் நிறம் மாறியிருந்தன. அவன்தான்.

குழந்தையின் பிறந்த நாளைக் கேட்டேன். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மருத்துவமனையில் கொடுத்த பிறப்புச் சீட்டு. "இதில் உள்ளபடியே எழுதுங்கள் சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுதினேன். பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் மை அட்டையை நகர்த்தினேன், பழக்க தோஷம். அவர் அதை மெல்ல ஒதுக்கி வைத்துவிட்டு, பேனாவை வாங்கி, தம் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினார். அதே முத்துப் போன்ற கையெழுத்து. ஆனால் பழைய எழுத்து. அவர் பள்ளியை விட்டபோது எழுத்து மாறியிருக்கவில்லை. அவருக்கு யாரும் மாற்றிச் சொல்லவுமில்லை.

வரிசை கலைந்த பிறகு அவரை உட்கார வைத்தேன். "தம்பி, அன்று உன்னை அடித்தேன். பதினெட்டு ஆண்டுகளாக மனத்தில் இருக்கிறது. என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயையோ, என்ன சார் இது! அடித்ததற்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை. எல்லாரும்தான் அடிவாங்கினோம்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அடித்த பிறகு ஒரு வாரம் நான் வீட்டில்தான் இருந்தேன் சார். திண்ணையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து கூப்பிடுவீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எட்டாம் நாள்தான் ஏஜெண்டு வந்து முன்பணம் கொடுத்தான். நீங்கள் அதற்கு முன்னே வந்திருந்தால் அம்மா வாங்கியிருக்க மாட்டாள் சார்."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. மழை எந்த நாளில் பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். நான் போனது மூன்றாம் வாரத்தில். வரவேண்டிய நாள் தவறிவிட்டது பதினான்கு நாட்களால் கூட அன்று. எட்டாம் நாளுக்கு முன் எந்த நாள் போயிருந்தாலும் போதும். பள்ளிக்கும் அவர் வீட்டிற்கும் நடந்தால் பத்து நிமிடம்.

பதினெட்டு ஆண்டுகளாக நான் அடித்த அடியை எண்ணியே வருந்திக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் கணக்கில் அடி பெரிதாக இல்லை. நான் வராததுதான் பெரிதாக இருந்தது. நாம் செய்த தவறு ஒன்று என்று நாம் எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் காயப்படுத்தியது வேறொன்றாக இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்திற்கு முன் ஆன்மசோதனை செய்யும்போது, செய்த பாவத்தோடு செய்யத் தவறிய கடமையையும் எண்ணிப் பார்க்கும்படி நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

அன்று முதல் என் பள்ளியில் ஒரு விதி வைத்தேன். எந்தப் பிள்ளையும் காரணம் தெரியாமல் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் மாலை வகுப்பாசிரியர் அந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஆசிரியரால் இயலாவிட்டால் நான் போவேன். போகும்போது கடிந்துகொள்ளக் கூடாது. பிரம்பைப் பற்றிப் பேசக் கூடாது. "உன்னைக் காணவில்லையே என்று வந்தேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வராதவர்களும் உண்டு. என் நாற்பது பக்க நோட்டில் அதற்குப் பின்னும் பெயர்கள் ஏறின. ஆனால் மிகக் குறைவாக ஏறின.

அந்தச் சிறுமி ஐந்து ஆண்டுகள் எங்களிடம் படித்தாள். நடுவில் அம்மை கண்டு பல நாள் வரவில்லை. மூன்றாம் நாள் நான் போய் வாசலில் நின்றேன். தகப்பனார் வெளியே வந்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. வேப்பிலை செருகிய வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அவள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியது 2002-ஆம் ஆண்டு. அதே ஆண்டு மே திங்களில் நான் ஓய்வு பெற்றேன். பிரிவு விழாவில் மாலைகளும் சால்வைகளும் போட்டார்கள். என் மாணாக்கருள் பொறியாளர் உண்டு, செவிலியர் உண்டு, குருக்களும் கன்னியரும் உண்டு என்று பேசியவர்கள் பட்டியலிட்டார்கள். எனக்குள் ஓடியது வேறொரு பட்டியல்.

மகளே, இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலம் எவ்வளவோ நல்லதாகிவிட்டது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்துவிட்டது. நான் பல ஆண்டுகள் தடுமாறிக் கற்ற பாடம் உனக்குச் சட்டமாகவே கிடைத்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஊர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. உன் வகுப்பில் வெறும் வயிற்றோடு பிள்ளை உட்கார வேண்டியதில்லை. ஆயினும் உறங்கும் பிள்ளை இருக்கும். இன்று அதன் காரணம் தீப்பெட்டிப் பசையாக இராது. கைப்பேசியாக இருக்கலாம், குடித்துவிட்டு வரும் தகப்பனாக இருக்கலாம், செங்கல் சூளைக்கும் பஞ்சாலைக்கும் இடம் பெயரும் குடும்பமாக இருக்கலாம். காரணத்தை அறியும் முன் தீர்ப்பு எழுதாதே. நோட்டைப் பார்ப்பதற்கு முன் விரல்களைப் பார்.

வருகையைக் கைப்பேசிச் செயலியில் குறிப்பதாகச் சொன்னாய். சிவப்பு மையும் அளவுகோலும் உனக்குத் தேவைப்படா. விரலால் தொட்டாலே 'வரவில்லை' என்று பதிவாகிவிடும். நான் கோடு இழுக்க எடுத்துக்கொண்ட நேரம்கூட உனக்கு ஆகாது. அதனால்தான் உன்னிடம் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளுகிறேன். பதிந்துவிட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணிவிடாதே. எங்கோ ஒரு திண்ணையில் ஒரு பிள்ளை பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூன்றாம் நாள் போ.

பெற்றோராகிய வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆசிரியர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், "என்ன குறை சொல்ல வந்திருக்கிறார்?" என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டு நிலையை மறைக்காதீர்கள். அந்தத் தாய் என்னிடம் முன்பே வந்து, "பையன் இரவில் பெட்டி ஒட்டுகிறான் ஐயா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐப்பசியில் பிறந்தான் என்று சொன்னபோது காதில் வாங்காத வாத்தியாரிடம், அவள் எதை நம்பி வந்து சொல்லுவாள்?

அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓரங்கள் பழுத்துவிட்டன. முதல் பக்கத்தில் முதல் பெயர் அவருடையது. அதற்கு நேராக, 1990-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், 'பிறந்தது 1963, ஐப்பசி' என்று திருத்தி எழுதியிருக்கிறேன். அரசுப் பதிவேட்டில் திருத்த இயலவில்லை, இதிலாவது திருத்தினேன். கடைசியில் சில பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டிற்கு வந்து அதை வாங்கிக்கொண்டு போ, மகளே. அந்த வெற்றுப் பக்கங்கள் அப்படியே இருக்கட்டும் என்பதே என் ஆசி.